இரண்டு தடவை இருமினால்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். 'போதகர் ஐயா அவர்களுக்கு' என்று மரியாதையாக ஆரம்பித்துப் பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. மூக்கு ஒழுக என் பின்னால் ஓடி வந்த பயலை ஐயா என்று எழுதக் கை வரவில்லை. இதை உன் சபையாரிடம் காட்டிவிடாதே. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். வாயைப் பொத்தாமல் சிரிக்கச் சொல். அத்தை சொன்னாள் என்று சொல்.

இங்கே உன் அத்தானின் கண் விஷயம்தான் கவலையாக இருக்கிறது. போன கடிதத்தில் மேலோட்டமாக எழுதியிருந்தேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரப்பார்வை போய்விட்டதாம். இடது பக்கம் ரொம்ப மோசம். போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றச் சொட்டு மருந்து விடுங்கள், இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது உன் அத்தான், "ஆண்டவர் பாத்துக்குவாரு, விடு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலையில் வழக்கம்போலப் பள்ளிக்கூட வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தைத்துக்கொண்டே நான் ஏதாவது சொன்னால் ஊசியை வாங்கி, ஒரே தடவையில் நூலைக் கோத்து என் கையில் கொடுக்கிறார். "ஊசிக்காது தெரியுது, ரோடு தெரியாதா?" என்கிறார். அதுதான் இந்த நோயின் வஞ்சகம். நேரே பார்த்தால் ஊசிக்காதுகூடத் தெரிகிறது. பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை. போன ஞாயிறு சபையில் எல்லோரும் சேர்ந்து அவர் தலைமேல் கை வைத்து ஜெபித்தார்கள். இப்போது எவ்வளவோ தெளிவு என்று சாட்சி சொல்லிவிட்டு வந்தவர், வீட்டு வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

அவரைத் தனியாக விட மனசு வராமல் நானும் வேனில் ஏறிக்கொள்கிறேன். பிள்ளைகளை ஏற்றி இறக்கத் துணை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறோம். நிஜத்தில் நான்தான் அவருடைய இடது கண். பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக இருமலை அடையாளமாக வைத்திருக்கிறோம். ஒரு தடவை இருமினால் இடது பக்கம் ஆள் இருக்கிறது. இரண்டு தடவை இருமினால் நிறுத்த வேண்டும். பிள்ளைகள் எனக்கு 'இருமல் ஆன்ட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முட்டுச்சந்தில் ஏறுகிற பொடிசு ஒன்று, அவள் அம்மா கொடுத்தாள் என்று இருமல் மிட்டாய் கொண்டுவந்து நீட்டினாள். வாயில் போட்டுக்கொண்டேன். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் இருமினேன், தம்பி.

வீட்டுக்கு வந்தால் தைக்க வேண்டிய சீருடைகள் மலைபோலக் கிடக்கின்றன. மிஷினில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். உடம்பு அலுப்பு படுத்தால் போய்விடும். இது வேறு அலுப்பு.

வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஸ்டியரிங்கில் கை வைத்து, "ஆண்டவரே, இந்த வண்டியையும் பிள்ளைகளையும் உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறேன்" என்று தினமும் ஜெபிக்கிறார். பிள்ளைகள் ஆமென் என்று கத்துகின்றன. எனக்கு மட்டும் வாய் வருவதில்லை. ஒப்புக்கொடுத்த பிறகும் சாவியை இவரே வைத்திருக்கிறாரே என்று தோன்றுகிறது. இப்படி நினைப்பது அவிசுவாசமா? நீ படித்தவன், சொல்.

பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடலாமா என்று தினமும் வாயெடுக்கிறேன். சொன்னால் வேலை போகும். போனால் இந்த வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? அதையும்விட, அந்த வேன்தான் அவருக்கு முதுகெலும்பு. அதை என் கையாலேயே உருவிவிட்டேன் என்று ஆகிவிடும். இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் ஊரார் பெற்ற பிள்ளைகள். நான் என்ன செய்யட்டும்? சுற்றி வளைக்காமல் பதில் எழுது. சீக்கிரம் எழுது.

உன் வரிகளுக்குக் காத்திருக்கும்,
அக்கா


அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. "ஜெபத்தோடு காத்திரு அக்கா, கர்த்தருடைய வேளை வரும்" என்று எழுதியிருக்கிறாய். வேளை உன் கடிதத்துக்கு முந்தின நாளே வந்துவிட்டது. உன்மேல் கோபமில்லை. கொஞ்சம் இருந்தது, இப்போது அதற்கும் தெம்பில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ பதறாதே.

எனக்குச் சளி பிடித்துவிட்டது. நிஜமான இருமல். இப்படி ஒன்று வரும் என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை பார். நான் இரும இரும அவர் பிரேக் போட்டார். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்தான், பிள்ளைகள் முன்சீட்டில் முட்டிக்கொண்டு சிரித்தன. "எதுக்குத்தான் இருமுற நீ?" என்று எரிந்து விழுந்தார். சளி என்றேன். அதற்கப்புறம் என் இருமலை அவர் காதில் வாங்குவதை விட்டுவிட்டார்.

முட்டுச்சந்தில், எனக்கு மிட்டாய் கொடுத்த அந்தப் பொடிசு ஏற வேண்டும். அன்றைக்கு அவள் வர நேரமானது. வரமாட்டாள் என்று நான் கதவைச் சாத்தினேன், அவர் கியரைப் போட்டார். அப்போதுதான் அவள் இடது பக்கமாக ஓடி வந்தாள். நான் இரண்டு தடவை இருமினேன். வண்டி நகர்ந்தது. மறுபடியும் இருமினேன். கடைசியில் அவர் தோளைப் பிடித்து உலுக்கி, "நிறுத்துங்க" என்று அலறினேன். வண்டி குலுங்கி நின்றது. கதவைத் திறந்து இறங்கினேன். பிள்ளை கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய தண்ணீர் பாட்டில்தான் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. "அம்மா திட்டுவாங்க, ஆன்ட்டி" என்று அழுதாள். அவளுக்கு அதுதான் கவலை.

நான் அவர் பக்கம் சுற்றிப் போய்க் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு வண்டியை அணைத்து, சாவியை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தார். உம்முடைய கையில், உம்முடைய கையில் என்று தினமும் சொன்னாரே தம்பி, அன்றைக்கு நீண்டது என் கைதான். ஆண்டவர் என் கையைக் கடன் வாங்கிக்கொண்டார் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். பிள்ளைகளை இறக்கி, கை கோத்து வரிசையாக நடத்திக்கொண்டு போனோம். முன்னால் நான், கடைசியில் அவர். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. தலைமையாசிரியை அம்மாவிடம் அவரே பேசினார். "கண்ணு போயிடுச்சும்மா. முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான்" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் பொறுக்க முடியாமல், எனக்கும் தெரியும், தெரிந்தேதான் கூட வந்தேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா கத்தவில்லை. "பெத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தால் தேவலை.

வேலை போய்விட்டது. நான் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தைக்கிறேன். எதிர்வீட்டுக்காரி அவள் துணிகளையும் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். எப்படியோ அடுப்பு எரிகிறது. நாளைக்கு எரியுமா என்று என்னைக் கேட்காதே, நானும் ஆண்டவரிடம் இப்போதைக்கு அதைக் கேட்பதில்லை.

அவர்தான் பேச்சை விட்டுவிட்டார். சொட்டு மருந்துக்குத் தலையைச் சாய்த்துக் கொடுக்கிறார், தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறார். நான் கேட்காமலே எல்லா ஊசிகளிலும் நிறம் நிறமாக நூல் கோத்துக் குத்தி வைத்திருக்கிறார். ஜெபத்தையும் விட்டுவிட்டாரோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

இன்று காலை, வேன் கிளம்புகிற அதே நேரத்துக்குக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். நான் அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். பிள்ளைகளை அவர்கள் ஏறுகிற வரிசையிலேயே சொன்னார். தண்ணீர்த்தொட்டி வீட்டு இரட்டையர், எப்போதும் தூங்கிக்கொண்டே வருகிற குண்டன், கடைசியில் முட்டுச்சந்துப் பாப்பா, ஒருவரையும் விடவில்லை. புது டிரைவரைச் சொன்னார், அவன் கண்ணைச் சொன்னார். "இவ இருமலையும் உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறேன்" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. அடுத்தது தன்னைச் சொல்லுவார் என்று ஆமென் சொல்லாமல் காத்திருந்தேன். சொல்லவில்லை. தன்னை மட்டும் விட்டுவிட்டு ஜெபத்தை முடித்துக்கொண்டார்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். இரண்டு நாளைக்கு வந்துவிட்டுப் போ. போதகராக வராதே, மச்சினனாக வா. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அவரிடம் சொல்லிவிடாதே, அதை அவர் நம் எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னவர். சும்மா அவரைக் கூட்டிக்கொண்டு தெருவில் நட. இடது பக்கமாக நட, மறந்துவிடாதே. வருகிற வரைக்கும் உன் ஜெபத்தில் அவர் விட்டுவிட்ட அந்த ஓர் ஆளை மட்டும் நீ சேர்த்துக்கொள். நானும் சேர்த்துப் பார்க்கிறேன், பாதியில் குரல் அடைத்துக்கொள்கிறது. சளி இன்னும் போகவில்லை.

உன்னையும் உன் வீட்டாரையும் கர்த்தர் கண்மணிபோலக் காப்பாராக.

உன்னை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்,
அக்கா