லேபல் வெளியே தெரியட்டும், மாமி

மாமி,

இன்று காலை லண்டனில், நோர்பரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கவுன்சில் ஆள் ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். ஈரப் புல்லின் மணம் மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் பாக்கஸ்! கென்ட் சரிவுகளில் விளைகிற அந்த வெள்ளைத் திராட்சையின் வைன் இப்படித்தான் மணக்கும். வெட்டின புல், கொஞ்சம் தேசிக்காய்த் தோல், வேலியோரத்து வெள்ளைப் பூ. நான் மணந்து முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. ஏன் லேட் என்று கேட்ட டீச்சரிடம், புல்லை நினைத்து, "கிராஸ், மிஸ்" என்றேன். இந்த ஊரில் கஞ்சாவுக்கும் அதுதான் பெயர் என்பது வாய் மூடிய பிறகுதான் ஞாபகம் வந்தது. பையைக் கிண்டிப் பார்த்தார். கிடைத்தது ஒரு வடைப் பாக்கெட் மட்டும்.

நீங்கள் போய் இரண்டு மாதம். சிரித்திருப்பீர்கள்.

கென்டில் ஒரு வைன் தோட்டத்தில், வருகிறவர்களுக்கு ருசி பார்க்க ஊற்றிக் கொடுப்பது உங்கள் வேலை. உங்கள் அண்ணை, என் அப்பா, ஊருக்குச் சொன்னது வேறு. "தங்கச்சி ஒரு பழத்தோட்டத்தில ஒபிஸ் வேலை." திராட்சையும் பழம்தான் என்பதால் அவர் பொய் சொன்னார் என்று யாரும் கேஸ் போட முடியாது. நீங்களும் அண்ணையை விட்டுக் கொடுக்காமல், வரும்போதெல்லாம் அரைப் போத்தல்களை லேபல் தெரியாமல் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தீர்கள்.

சனிக்கிழமை மத்தியானங்களில் உங்கள் பிளாட்டில் நாம் நடத்திய அட்டகாசத்துக்குப் பெயர் ஆராய்ச்சி. எந்த வைனுக்கு எந்தச் சாப்பாடு பொருந்தும் என்று போத்தல் கழுத்தில் தொங்கும் அட்டைக்கு எழுதித் தரும்படி தோட்டத்தில் உங்களிடம் கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் ஆட்டுப்பால் சீஸ் என்றும் சிப்பி என்றும் எழுதினார்கள். நீங்கள் பேனையை மூடி வைத்தீர்கள்.

"உவை எழுதுறது உவையின்ர வாய்க்கு. எங்கட வாய் என்ன வாடகைக்கு எடுத்ததே?"

அம்மாவின் ஃபிரிட்ஜில் இருந்து கறி கடத்துவது என் பொறுப்பு. குடிப்பது உங்கள் பொறுப்பு. "உனக்கு மூக்கு மட்டும்தான்டி. வாய்க்குப் பதினெட்டு வயசு வரவேணும்."

இறைச்சிக்குச் சிவப்பு என்று எல்லாரும் சொல்கிறார்களே என்று முதல் நாள் ஆட்டிறைச்சிக் கறியும் சிவப்பு வைனும் வைத்தோம். அம்மாவின் கறித்தூளைப் பற்றி அந்த எல்லாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு வாய் குடித்துவிட்டு நீங்கள் மேசையில் தட்டினீர்கள். "ஐயோ, தொண்டைக்குள்ள ஆரோ நெருப்புப்பெட்டி உரசினமாதிரி!" உறைப்போடு சேர்ந்தால் அந்த வைன் கசந்து எரியும் என்று அன்று கண்டுபிடித்தோம். இலேசாக இனிக்கும் வெள்ளை வைன்தான் அந்த நெருப்பை அணைத்தது. பாக்கஸுக்கு, தேங்காய்ப்பூ போட்டுக் கிளறிய சுறா வறை. கடைசியில், நுரைக்கிற வைனுக்குப் பருத்தித்துறை வடை. தட்டையாய், மொறுமொறுவென்று, எண்ணெயும் செத்தல் மிளகாயுமாய் இருக்கும் அந்த வடையைக் கடித்து, ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடினீர்கள்.

"இதுதான்டி கலியாணம். சாதகம் பார்க்கவே தேவையில்லை."

அதை அட்டையில் போட மாட்டேன் என்று உங்கள் முதலாளி நின்றார். போடாமல் விடமாட்டேன் என்று நீங்கள் நின்றீர்கள். அந்தச் சண்டையில் யார் வென்றது என்று நான் அறியும் முன்பே உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

எட்டுச் செலவு அன்று நடந்ததைச் சொல்கிறேன். போனவருக்குப் பிடித்ததெல்லாம் வாழையிலையில் வைக்க வேண்டும் என்று எட்டாம் நாள் எங்கள் வீட்டு ஹோலில் எல்லாரும் கூடினார்கள். பெரியப்பாவின் எட்டுக்கு விஸ்கி வைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சலரோகத்தில் சீனி கூடிய பிறகு அந்த மனிசன் ஒரு சொட்டும் தொட்டதில்லை. ஆம்பிளை என்றால் போத்தல் வைக்க வேண்டுமாம், அதனால் வைத்தார்கள். உங்கள் இலையில் மீன், இறைச்சி, உழுந்து வடை எல்லாம் இருந்தன. குடிக்க ஒரேஞ் ஜூஸ்.

"அப்பா, மாமியின்ர வைன் எங்க?"

"உனக்கென்ன விசரே? பொம்பிளைக்குக் குடி படைக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"பெரியப்பாவுக்கு வைச்சனீங்கள்தானே? அவர் குடிக்காததை அவருக்கு வைச்சீங்கள். இவ குடிச்சதை ஏன் இவவுக்கு வைக்கேலாது?"

அம்மா என் கையைக் கிள்ளினார். "வாயை மூடடி, ஆக்கள் நிக்கினம்."

உங்களோடு வேலை செய்த பெண் ஒருவர், செத்த வீட்டுக்கு வந்தபோது ஒரு நுரை வைன் கொண்டுவந்து தந்திருந்தார். அப்பா அதைப் பூச்செண்டுகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார். ஜூஸ் டம்ளரில் வைனை மாற்றி ஊற்றிவிட எனக்கு அரை நிமிடம் போதும். முன்பு பகிடிக்கு நல்லெண்ணெய்ப் போத்தலில் வைன் லேபல் ஒட்டினவள் நான். "தோசைக்குப் பொருந்தும்" என்று அதன் கழுத்தில் அட்டை கட்டினவர் நீங்கள். கை துறுதுறுத்தது. ஆனால் மாமி, ஒளித்து ஊற்றினால் நானும் உங்களைப் பழத்தோட்டத்துக்கு அனுப்பினதாகிவிடும்.

போத்தலை எடுத்துவந்தேன். எல்லாரும் பார்க்க, இலையின் நடுவில், லேபல் ஆட்களைப் பார்க்கும்படி வைத்தேன்.

"எடு அதை" என்றார் அப்பா.

"ஏலாது."

"எடு எண்டுறன்!"

"மாமி வைன் தோட்டத்தில வேலை செய்தவ. அது அவவின்ர வேலை. நான் எடுக்க மாட்டன்."

அப்பாவே குனிந்து போத்தலின் கழுத்தைப் பிடித்தார். அட்டை கையில் பட்டது. மூக்குக் கண்ணாடியை இறக்கி வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"பருத்தித்துறை வடை எண்டு இங்கிலீசில போட்டுக் கிடக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல். "எங்கட ஊர்ப் பேர்."

"மாமி சண்டை பிடிச்சுப் போடுவிச்சது" என்றேன். அது அச்சில் வந்தது எனக்கும் அப்போதுதான் தெரியும். குரல் உடைந்துவிட்டது, அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அப்பா போத்தலைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு இலையைப் பார்த்து அம்மாவிடம் திரும்பினார். "இது உழுந்து வடையெல்லே. தட்டை வடை எங்க?"

பதில் வரும் முன்பே போத்தலை இலையில் திரும்ப வைத்துவிட்டு, வேட்டியோடு லண்டன் ரோட்டுக் கடைக்கு நடந்தார். ஆட்கள் கதைத்தார்கள்தான். சாப்பாடு ஆற ஆற, அவர் வரும்வரை காத்திருந்தபடியே கதைத்தார்கள்.

அன்று வாங்கிய இரண்டு பாக்கெட்டில் ஒன்று உங்கள் இலைக்கு. மற்றது என் பையில். இன்று டீச்சர் கண்டுபிடித்தது அதைத்தான். இன்னும் உடைக்கவில்லை. பதினெட்டுக்குப் பத்து மாதம் இருக்கிறது. அதற்குள் வடை காறிக் கெட்டுப்போகும், தெரியும். புதுசு வாங்குவேன். உங்கள் தோட்டத்துப் போத்தல்களில் ஒன்றை எங்கள் ஹோலில், அப்பாவுக்கு முன்னால், துவாய் சுற்றாமல் திறப்பேன். முதலில் மூக்கு. பிறகு வாய்.

என்ன வேலை செய்தவ உன்ர மாமி என்று யாராவது கேட்கட்டும். லேபலைத் திருப்பிக் காட்டுவேன்.