பூமுடி போதும்

மைசூர், லஷ்கர் மொஹல்லா
8-3-1954

அன்புள்ள வள்ளியாத்தாளுக்கு,

நேற்றுச் சாயங்காலம் பாக்கியத்தின் உச்சிமுடியில் ரிப்பன் நழுவாமல் நின்றது. முதலில் சொன்னது பூக்காரி தேவம்மா. "நோடி சாமி, வந்து பாருங்க, ரிப்பன் நிக்குது" என்று வாசலிலிருந்தே கூப்பிட்டாள். நானும் போய் இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். "பேப்பர்ல போடற செய்தியெல்லாம் இப்படித்தான் இழுத்துப் பாப்பீங்களாப்பா" என்று உன் மகள் கேட்டாள். உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கையாக இருந்த இடம் கறுத்து அடர்ந்திருக்கிறது.

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கோயமுத்தூரில் பெரியவளும் பிள்ளையும் சுகம் என்பதில் மகிழ்ச்சி. குழந்தைக்கு உன் அண்ணன் மூக்கு என்று எழுதியிருக்கிறாய். நேரில் பார்க்கும்வரை நான் இதை நம்புவதாக இல்லை.

இனி எழுதப்போவது பாக்கியத்தின் சம்மதத்தோடு எழுதுவது. "அம்மா திட்டக்கூடாதுன்னு மேல எழுதிட்டு அப்புறமா எழுதுங்கப்பா" என்றாள். எழுதிவிட்டேன்.

அவளுக்கு வந்தது புழுவெட்டு அல்ல. நீ சின்ன வெங்காயம் தேய்த்ததும், ஊமத்தை இலை அரைத்துப் போட்டதும், அவள் எரிச்சல் தாங்காமல் அழுததும் வீணானது அதனால்தான். முடியைப் பிடுங்கியது அவளுடைய கையே. கன்னடப் பாடத்தைச் சத்தமாகப் படிக்கையில் ஒரு சொல்லில் திக்கினால் போதும், கை உச்சிக்குப் போய்விடும். நீ ஊருக்குப் போன பிறகு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த இடத்தில் முடி குட்டையும் நெட்டையுமாக இருப்பதைப் பார்த்ததும், என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். வெளியே வந்தவள், "கை தானாப் போகுதுங்கப்பா. நிறுத்தோணும்னுதான் பாக்கறேன்" என்றாள். இது பலருக்கு உண்டு, திட்டினால் கூடும், படிக்கும்போது கைக்கு வேறு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். உனக்கு அப்போதே எழுத வேண்டாமென்று இவள் அழுததால் எழுதவில்லை.

வேலையை அவளே தேர்ந்தெடுத்தாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தேவம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டினாள். முதல் சரத்தைத் தேவம்மா தூக்கிப் பிடித்து, "இதை ஜட்காக் குதிரைக்குப் போட்டா அதுவே வெக்கப்படும் கண்ணு" என்றாள். தெருவே சிரித்தது, இவளும் சிரித்தாள். நடுவில் சில தடவை பழையபடி பிடுங்கியதும் உண்டு. ஒளிக்காமல் வந்து சொன்னாள். இப்போது இவள் கட்டும் சரம் தேவம்மாவின் கூடையிலேயே விற்பனைக்குப் போகிறது. கன்னடமும் திக்காமல் வருகிறது.

உன் கடிதத்தின் பின்பக்கத்தையும் அவள் படித்துவிட்டாள். முடி வளர்ந்தால் பழனியில் மொட்டை போடுவதாக நீ வேண்டிக்கொண்டதும், பங்குனி உத்திரத்துக்கு அவளை அழைத்துவரச் சொன்னதும் தெரிந்துவிட்டது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கை மேலே போவதைப் பார்த்தேன். பாதியில் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "முருகனுக்கு நான்தான் முன்னாடியே கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துட்டேனேப்பா, அதைச் சேத்துக்க மாட்டாரா" என்று சிரித்தாள். சிரித்து முடிக்குமுன் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

உன் வேண்டுதலை நான் லேசாக நினைக்கவில்லை. பழனிக்குப் போய்வந்த கொள்ளேகால்காரர்கள் இருவரைத் தனித்தனியே விசாரித்தேன். பெண்பிள்ளை என்றால் பூமுடியாக மூன்று கொத்து நறுக்கிக் கொடுத்தாலே வேண்டுதல் தீர்ந்தது என்று இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். முழு மொட்டைதான் வேண்டுமென்றால் என் தலை இருக்கிறது. அதில் மிச்சமுள்ளதை முருகன் ஏற்பாரா என்பது மட்டும் உறுதியாகவில்லை.

பெரியவளுக்கு என் ஆசி. பேரனைக் குளிப்பாட்டும்போது மூக்கை நீவிவிடச் சொல், இன்னும் காலம் இருக்கிறது.

நாங்கள் அடுத்த செவ்வாய்க்கிழமை புறப்படுவதாக இருக்கிறோம். அதற்குமுன் சனிக்கிழமைத் தபாலில் உன் பதில் வரும் என்று பாக்கியத்திடம் சொல்லியிருக்கிறேன். அன்று பள்ளிக்கூடம் அரைநாள்தான். தபால்காரர் வரும்போது வீட்டில் இருப்பாள். எனக்கு எழுதாதே, அவள் பெயருக்கே எழுது. நீளமாக வேண்டாம். ஒரு வரி போதும் வள்ளி.

இப்படிக்கு,
உன் அன்புள்ள
ரத்தினசாமி