சுடுதண்ணீர் என்று நான் சொன்ன பொய்

அன்பான சுகந்திக்கு,

ஐந்து வருடமாக உம்முடைய திதிக்குப் பத்திரிகையில் படம் போட்டேன். படத்துக்குக் கீழே போடுவதற்கு அவர்களிடமே கவிதைகள் எழுதி அடுக்கி வைத்திருப்பார்கள். கவிதையின் இலக்கத்தைச் சொன்னால் போதும். ஐந்து வருடக் கவிதையிலும் ஒரு சொல்கூட என்னுடையதில்லை. இந்த வருடம் கவிதை வேண்டாம் என்று எங்கள் சாம்பவி சொல்லிவிட்டாள். "நடந்ததை அம்மாவுக்கு எழுதுங்கோ. எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதுங்கோ" என்றாள். நான் சீமெந்தும் கம்பியும் விற்கிறவன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அவள் கேட்டதை மறுக்கிற நிலையில் இப்போது நான் இல்லை.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, உமக்குத் தெரியும். எங்கள் மகளின் வலது கன்னமும் தாடையும் கழுத்தில் ஒரு பக்கமும் வெந்துவிட்டன. முகத்தை வெள்ளையாக்க என்று பூசிய மருந்தால் வெந்தது. நடந்து ஏழு மாதமாகிறது. அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனவன் நான்.

நீர் போகும்போது அவளுக்குப் பத்து வயது. பதின்மூன்றில் பெரியபிள்ளையானாள். அப்போது வீட்டோடு தண்ணீர் வார்த்து முடித்தோம். ஊரைக் கூப்பிட்டு மண்டபத்தில் செய்கிற பெரிய சாமத்தியவீட்டை உம்முடைய அண்ணை கனடாவில் இருந்து வந்த பிறகு செய்வோம் என்று வைத்தோம். தாய்மாமன் இல்லாமல் எப்படிச் செய்கிறது? அவருக்கு ஒரு வருடம் லீவு கிடைக்கவில்லை, அடுத்த வருடம் வீடு மாறினார், அதற்கடுத்த வருடம் முதுகில் ஒப்பரேசன். கடைசியில் பிள்ளைக்குப் பதினாறு நடக்கும்போதுதான் வாய்த்தது. ஊரில் இப்போது இது புதினமில்லை. மூன்று வருடம் பிந்திக் கொண்டாடுகிறோம், பிள்ளைக்காக இல்லை, ஆல்பத்துக்காக.

வீடியோக்காரர் வீடு பார்க்க வந்தார். "பிள்ளை நல்ல வடிவு. முகம் மட்டும் கொஞ்சம் கிளியரா வந்தா லைட்டுக்கு எடுப்பா இருக்கும்" என்றார். சாம்பவி பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் விளையாடுகிறவள். பின்னேரம் முழுக்க வெயிலில் நிற்கிறவள். என்னுடைய அக்கா பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"அதைத்தான் நானும் சொல்ல இருந்தனான். பந்தடிச்சு அடுப்புக்கரி மாதிரி வந்து நிக்கிறாள். மாமன்காரன் பாத்தா என்ன சொல்லுவான்?"

"மாமா என்னைப் பாக்க வாறாரோ, என்ரை நிறத்தைப் பாக்க வாறாரோ மாமி?"

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. தாயைப் போலவே."

அவள் என்னைப் பார்த்தாள். "எனக்கு இந்த முகமே போதும் அப்பா" என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஒருநாள் விசயம்தானே பிள்ளை, அப்பாவுக்காக" என்றேன். நீர் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே என் வாயை மூட வைத்திருப்பீர்.

அந்த அழகு நிலையம் ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள், வீட்டின் முன்னறையில் நடக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் முதலில் சரியாகத்தான் சொன்னாள். "ஐஞ்சு தரம் வரவேணும் அண்ணை. ஒவ்வொரு தரத்துக்கும் இடையிலை பத்து நாளாவது விடவேணும், தோல் ஆறோணும்."

"இண்டைக்குப் பத்தாம் நாள் சாமத்தியவீடு தங்கச்சி. ஒரே தரத்திலை முடிக்கேலாதோ?"

"அப்பிடியெண்டா கடும் மருந்து போடவேண்டி வரும்."

"போடுங்கோவன்."

சுகந்தி, என் கடைக்கு வருகிற மேசன்மாரிடம் வாய் ஓயாமல் நான் சொல்வது என்ன? கொங்கிறீற்றை ஆறவிடுங்கோ, அவசரப்பட்டுப் பலகை கழற்றாதேங்கோ என்பதுதானே. மலசலகூடம் கழுவுகிற அசிட் போத்தல் ஒன்று விற்றாலும் கையுறை இருக்கிறதா என்று கேட்டுத்தான் கொடுப்பேன். அன்றைக்கு அந்த மேசையில் பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு போத்தல் நின்றது. கண்ணால் கண்டேன். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. நாள் குறைந்தது என்ற திருப்தியோடு வெளியே வந்து என் வான் வண்டியில் ஏறி இருந்துவிட்டேன்.

மண்டபக்காரரோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தபோது, "அப்பா, எரியுது" என்று சத்தம் கேட்டது. "எரிஞ்சாத்தான் பிள்ளை வேலை செய்யும்" என்று அந்தப் பெண் சொன்னதும் கேட்டது. நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "கொஞ்சம் பொறு பிள்ளை" என்றேன்.

அவள் பொறுத்தாள். நான் சொன்னதற்காகப் பொறுத்தாள். எவ்வளவு நேரம் என்று இதுவரை அவளிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் உடனை தண்ணி விட்டுக் கழுவேல்லை?" அந்தப் பெண் துணியால் துடைத்து, மேலே ஏதோ கிறீம் பூசி அனுப்பியிருந்தாள். இரண்டாவது, "என்ன மருந்து? போத்திலைக் கொண்டு வாங்கோ." திரும்பி ஓடினேன். படலை பூட்டியிருந்தது. பெயர்ப்பலகையைக்கூடக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள்.

வலது கண் மூன்று நாள் வீங்கி மூடிக் கிடந்தது. பார்வை இருக்குமா என்று கேட்டால், வீக்கம் வற்றட்டும் என்றார்கள். நாலாம் நாள் டொக்டர் இமையை விலக்கி விரலைக் காட்டினார். "ரெண்டு" என்றாள். நான் விறாந்தையில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் தப்பியது. கன்னம் தப்பவில்லை. தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள்.

இனி என்னுடைய இரண்டாவது பிழை. முதலாவதைவிட இதுதான் கெட்டது, ஏனென்றால் இதை யோசித்துச் செய்தேன்.

"வெளியிலை விடாதை தம்பி" என்றார் அக்கா. "நாளைக்குக் கலியாணம் பேசேக்கை, மருந்தடிச்சு வெந்த முகமெண்டு கதை வரும். ஆவி பிடிக்கேக்கை சுடுதண்ணி கவுண்டதெண்டு சொல்லு." எனக்கும் அது புத்தியாகத்தான் பட்டது. பழுதான சாமானை நல்ல பக்கம் தெரிய அடுக்குகிற புத்தி. கேட்டவர்களுக்கெல்லாம் சுடுதண்ணீர் என்றேன். பள்ளிக்கூட அதிபரிடமும் அதையே சொன்னேன். சாம்பவி கட்டிலில் கிடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். என் கடையில் இருபது வருடமாகச் சாமான் எடுக்கிற செல்லையா மேசன் ஒருநாள் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"முதலாளி, குறை நினையாதையுங்கோ. பெட்டை என்னத்துக்கு உப்பிடி ஒரு வேலை பாத்தவள்?"

"என்ன வேலை?"

"மண்ணெண்ணை எண்டு கதைக்கினம். ஆரோ பெடியன் ஏமாத்திப்போட்டானாம்."

"விசர்க்கதை! சுடுதண்ணி எண்டு சொன்னனான் எல்லோ!"

"அது எல்லாரும் சொல்லுறதுதானே முதலாளி" என்றார், பாவப்பட்டு.

இந்த ஊரில் ஒரு பெட்டை வெந்தால், சுடுதண்ணீர் என்று வீட்டார் சொல்வது எதை மூடுகிற சொல் என்று எனக்குத் தெரியாதா? மற்ற வீடுகளில் நடந்தபோது நானும் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு, றோட்டில் இறங்கியதும் நம்பாதவன்தானே? என் பிள்ளையை அந்தக் கதைக்குள் நானே கொண்டுபோய் விட்டேன்.

அவளோடு படிக்கிற பிள்ளைகள் வருவது நின்றது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு எப்போதோ தெரியும். போனில் வந்திருக்கிறது. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தபடி சொன்னாள்: "நான் கொளுத்தினனான் எண்டு சொல்லுகினம். நீங்கள் பேசாமல் இருக்கிறியள். அப்ப நான் என்ன சொல்லுறது?"

அதற்கும் நான் பேசாமல்தான் இருந்தேன். ஏன் தெரியுமா? அந்த அழகு நிலையக்காரி ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள், வழக்கென்று வந்தால் தகப்பன்தான் அவசரப்படுத்தினவர் என்று சொல்வோம் என்று. பிள்ளையின் எதிர்காலத்துக்காக மூடி வைக்கிறேன் என்று ஊருக்கும் எனக்கும் சொன்னேன். பாதி அதுதான். மற்றப் பாதி, என் பெயருக்காக.

பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்ததால் பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்த உம்முடைய அண்ணை பிறகு வந்து இறங்கினார். அவளைப் பார்த்து அழுதார், அது உண்மையான அழுகை. அடுத்த கிழமையே, "மச்சான், மண்டபத்தைப் பிந்திப் போடுவம், விடாமல் செய்வம். நல்ல மேக்கப் போட்டா ஒண்டும் தெரியாது. வீடியோக்காரனும் இடப்பக்கத்தாலை எடுக்கலாம் எண்டுறான்" என்றார்.

சாம்பவி அறைக்குள் இருந்து கேட்டாள்: "வலப்பக்கம் ஆருக்கு மாமா?"

நான் சாமத்தியவீடு இல்லை என்று சொன்னேன். ஏழு மாதத்தில் நான் நேரத்துக்குச் செய்த முதல் காரியம் அது ஒன்றுதான் போல. அண்ணைக்கு என்மேல் கோபம். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

போன மாதம் கிளினிக்கால் வரும்போது அந்த ஒழுங்கையைத் தாண்டினோம். பெயர்ப்பலகை திரும்பவும் ஏறியிருந்தது. படலையில் ஒரு கார். பட்டுச்சேலையோடு ஒரு தாயும், கலியாணத்துக்கு இருக்கிற மகளும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, நிப்பாட்டுங்கோ."

நான் நிற்பாட்டுவதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். தழும்பு தடிக்காமல் இருக்க முகத்தில் இறுக்கிப் போடுகிற துணிக்கவசம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாயின் முன்னால் போய் நின்றாள். "அன்ரி, இஞ்சை பூசின மருந்திலைதான் எனக்கு இப்பிடி வந்தது. அக்காவுக்குப் பூச விடாதேங்கோ."

அந்தத் தாய் அவளைப் பார்க்கவில்லை, பின்னால் வந்த என்னைப் பார்த்தார். "உண்மையோ அண்ணை?"

"ஓம்" என்றேன். ஆறு மாதத்தில் ஒரு ஓம்.

அழகு நிலையக்காரி வெளியே வந்தாள். ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினாள்: "நீங்கள்தானே அண்ணை ஒரேயடியா முடி எண்டு நிண்டனீங்கள்! நான் ஐஞ்சு தரம் எண்டனான். சொல்லுங்கோ பாப்பம், நானோ நீங்களோ?"

மதிலுக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்தன. அதில் என் கடைக்கு வருகிறவர்களும் இருந்தார்கள். சாம்பவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வியாபாரத்தில் இப்படி ஒரு கேள்விக்கு நான் நேராகப் பதில் சொன்னதே இல்லை, சுகந்தி.

"ஓம், அவசரப்படுத்தினது நான்தான்" என்றேன். "மருந்து பூசினது நீர்."

கார் திரும்பிப் போனது. அடுத்தநாள் காலையில் இரண்டு பேரும் பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தோம். மருந்தின் பெயர் தெரியாது, போத்தல் இல்லை, ஆறு மாதம் பிந்திவிட்டது. எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாது.

இப்போது ஒவ்வொரு காலையிலும் நான்தான் அவளுடைய தழும்புக்குக் களிம்பு தேய்க்கிறேன். தாதி காட்டித் தந்தபடி, அழுத்தி, வட்டமாக, பத்து நிமிடம். நோகும். அவள் வரலாற்றுப் பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள், நோகிற இடத்தில் குரல் உயரும். "அப்பா, சீமெந்து பூசுற மாதிரித் தேய்க்காதேங்கோ, இது முகம்" என்பாள். சிரிக்கிறதா என்று தெரியாமல் நான் அழுத்தத்தைக் குறைப்பேன். திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடம் போகப் போகிறாள். கவசத்தோடுதான். வாசலோடு விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறாள்.

இரண்டாவது சத்திரசிகிச்சை இனித்தான் இருக்கிறது. கழுத்துத் தோல் இழுத்துப் பிடிப்பதால் தலையை முழுதாகத் திருப்ப முடியாது. பந்து பிடிக்க முடியுமா என்று டொக்டரிடம் அவளே கேட்டாள். "பாப்பம்" என்றார்.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுதினால் நீர் நம்பமாட்டீர். மன்னிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. இந்தக் கடிதத்தை முதலில் அவளிடம்தான் வாசிக்கக் கொடுத்தேன். "எங்கள் பிள்ளைக்கு ஒரு விபத்து நடந்தது" என்று தொடங்கியிருந்தேன். பேனையை வாங்கி அதை வெட்டினாள். "விபத்தில்லை அப்பா. ஆர் கொண்டுபோனது எண்டு எழுதுங்கோ." எழுதினேன்.

விசாரணையில் அவசரப்படுத்தியதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம், வழக்குப் பலவீனமாகிவிடும் என்கிறார் சட்டத்தரணி. நான் மறைத்தால், எதிர்ப்பக்கம் அதை அவளிடம் கேட்கும். பதினாறு வயதுப் பிள்ளை சாட்சிக் கூண்டில் ஏறி நின்று, ஒன்றில் தகப்பனைக் காட்டிக்கொடுக்க வேண்டும், அல்லது தகப்பனுக்காகப் பொய் சொல்ல வேண்டும். அதற்கு நான் விடமாட்டேன். அவளைக் கூப்பிடுவதற்கு முன் நானே ஏறிச் சொல்வேன். வழக்குத் தோற்றாலும் சொல்வேன். இது உமக்கு நான் தருகிற சொல், இந்தமுறை என்னுடைய சொல்.

உம்முடைய மனுசன்,
சாம்பவியை அங்கே கூட்டிக்கொண்டு போன அப்பா,
கணேசலிங்கம்
கொக்குவில்