ஏரி உடைந்தது என்ற பொய்யை நம்பி மதகு திறக்கப் போனவரின் சாவுக்கு யார் பொறுப்பு?

அனுப்புநர்
இ. சுஜாதா,
க/பெ. (காலஞ்சென்ற) சி. இளம்பரிதி,
அங்கன்வாடிப் பணியாளர்,
ஏரிக்கரைத் தெரு, மருதேரிக்குப்பம்,
கனகம்மாசத்திரம் வழி,
திருத்தணி வட்டம்.

பெறுநர்
உயர்திரு வருவாய் கோட்டாட்சியர் அவர்கள்,
வருவாய் கோட்டாட்சியர் அலுவலகம்,
திருத்தணி.

பொருள்: மருதேரிக்குப்பம் ஏரி உடைந்துவிட்டதாக 'ஜிலீர் பெட்டி' என்னும் இணையச் சேனல் வேடிக்கைக்காகப் பொய் அறிவிப்புச் செய்தது – அதை நம்பி ஊரைக் காப்பாற்ற மதகு திறக்கச் சென்ற என் கணவர் நீரில் மூழ்கி இறந்தது – ஒலிபெருக்கி ஆட்டோ ஓட்டியவர் மீது மட்டும் வழக்குப் பதியப்பட்டுள்ளது – பொறுப்புடைய அனைவரையும் விசாரிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி முகவரியில் என் மகள் மணியம்மையுடன் வசித்து வருகிறேன். என் கணவர் இளம்பரிதி ஏரிப் பாசனத்தில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிட்டு வந்தார். அதிர்ந்து பேசாதவர். ஊர்க்கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் "ஆங், சரிங்க" என்பார். அவருக்கு நீச்சல் தெரியாது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் தெப்பம் பார்க்கப் போனால்கூட குளத்தின் மேல்படியை விட்டு இறங்கமாட்டார். எங்களையும் இறங்க விடமாட்டார். இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு.

2. கடந்த நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். முந்தைய வாரம் முழுதும் பெய்த மழையில் எங்கள் ஏரி நிரம்பி, உபரிநீர் கடைவாசல் வழியாக வழிந்து போய்க்கொண்டிருந்தது. அன்றும் தூறல் விடவில்லை. அப்போது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது. "மருதேரி ஏரிக்கரை உடைந்துவிட்டது. பொதுமக்கள் உடனடியாக மேடான இடத்துக்குச் செல்லவும். இது அவசர அறிவிப்பு" என்று ஓர் ஆண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அரசு அறிவிப்பைப் போலவே இருந்தது. நடுவில் சங்கொலியும் கேட்டது. நிறைந்த ஏரிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு இந்த வார்த்தை எப்படிக் கேட்டிருக்கும் என்பதை ஒரு வருவாய் அதிகாரிக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

3. ஊர் ஓடியது. நானும் மகளைப் பிடித்துக்கொண்டு பாறைமேட்டுக்கு ஓடினேன். எங்களைப் பயந்தாங்கொள்ளிகளாகக் காட்டத்தான் அந்தச் சேனல்காரர்கள் படம் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தில் விழுந்திருப்பது வேறு. வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த சின்னசாமி, எதிர்வீட்டுக்காரரின் நடக்க முடியாத தாயாரைத் தோளில் போட்டுக்கொண்டு மேடு ஏறினார். கன்னியம்மாள் என்பவர் தன் வீட்டைப் பூட்டாமல், தெருவில் இருந்த எல்லா மாடுகளையும் அவிழ்த்துவிட்ட பிறகே கிளம்பினார். இதைச் செய் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டதில் அன்றைக்கு வந்த பெருமை அதற்குமுன் வந்ததில்லை.

4. மேட்டில் நின்று பார்த்தபோது கரை உடைந்ததாகத் தெரியவில்லை. மழையில் சரியாகப் புலப்படவும் இல்லை. மழைக்குத் தலையில் கோணிப்பையை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு ஓர் ஆள் தனியாகக் கரைமேல் மதகை நோக்கி ஓடுவது மட்டும் தெரிந்தது. மேட்டில் நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம். என் வாயிலிருந்து வந்த வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. "யாரோ ஒருத்தரு மதகாண்ட போறாரு பாருங்க. யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்." நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர்களும் கும்பிட்டார்கள். என் கணவர் காலையிலேயே நிலத்துக்குப் போயிருந்தார். ஆகவே அவர் சாலைப் பக்கம் ஏறியிருப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

5. வெள்ளம் வரவில்லை. அறிவிப்புச் செய்த ஆட்டோவும், அதனுடன் வந்திருந்த சேனல்காரர்களின் காரும் போய்விட்டன. பயம் தெளிந்து இறங்கி வந்தபோது, அடைத்துக் கிடந்த எங்கள் பாசனக் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யார் மதகைத் திறந்தது என்று எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். ஏரியின் நீர்க்கட்டி முனியன், அதாவது மதகைத் திறந்து மூடுபவர், அப்போதுதான் என்னிடம் வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவரு என் வூட்டாண்ட வந்து மதகு திருகுற கம்பிய எடுத்தாரும்மா. ஏரி ஒடைஞ்சிகினு வருதாம், எங்க போறீங்கன்னு கேட்டேன். அதான் போறேன், மதகத் தெறந்துட்டா கரைக்கு பாரம் கொறையும், நீ குழந்தைங்கள மேட்டுக்கு ஏத்துன்னாரு. நான் வரேன்னு சொன்னதுக்கு, உனக்குக் கால் முடியாது, நீ வந்தா ரெண்டு பேரும் போய்டுவோம்னு சொல்லிட்டு ஓடிட்டாரு."

கேட்டுக்கொண்டிருந்த என் மகள், "மேட்டுல இருந்து பாத்தமே, அது நைனாவாம்மா?" என்றாள்.

6. ஊரார் கரைக்கு ஓடினார்கள். மதகு மேடையில் திருகுக் கம்பி மாட்டியபடி நின்றது. கதவு ஒரு சாண் உயர்ந்திருந்தது. மழையில் பாசி பிடித்துப்போன மேடையில் கால் வழுக்கி அவர் தண்ணீருக்குள் போயிருக்கிறார். தீயணைப்புத் துறையினர் வந்து அவரை மதகின் வாயருகே எடுத்தார்கள். முகம் அமைதியாக இருந்தது. அவரை நான் அத்தனை வருடம் தெரிந்து வைத்திருந்ததாக நினைத்தது தவறு என்று அப்போது தோன்றியது. குளத்தின் மேல்படியில் நின்ற மனிதருக்குள் இப்படி ஒருவர் இருந்திருக்கிறார். துக்கத்தோடு சேர்ந்து எனக்கு அவர்மேல் ஒரு பயபக்தி வந்துவிட்டது. இன்றுவரை அது குறையவில்லை.

7. அன்று மாலையே 'ஜிலீர் பெட்டி'யில் அந்தப் படம் வெளியானது. "ஏரி உடைஞ்சிடுச்சுனு சொன்னா ஊரே எப்படி ஓடுது பாருங்க" என்று அதன் நடத்துநர் ஹரிஹரன் அறிமுகம் செய்கிறார். பறக்கும் கேமராவில் எங்களை மேலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஓடும் கூட்டத்தை விட்டு அந்தக் கேமரா ஓரிடத்தில் விலகுகிறது. எதிர்த் திசையில் கோணிப்பையோடு ஓடும் என் கணவரைப் பின்தொடர்கிறது. பின்னணியில் சிரிப்பும் பேச்சும் கேட்கின்றன. "டேய், இவரு மட்டும் ராங் ரூட்ல போறாரு பாரு. விடாத, ஃபாலோ பண்ணு." அவர் கரைமேல் ஏறும்போது காட்சி வெட்டப்பட்டு, பஸ் ஹாரன் சத்தம் சேர்க்கப்பட்டுள்ளது. பின்னர் ஒரு தொலைக்காட்சி தன் நகைச்சுவை நிகழ்ச்சியில் இந்தப் பகுதியை மட்டும் எடுத்துப் போட்டது. அப்போது அவருக்குக் காரியம்கூட முடிந்திருக்கவில்லை.

8. அந்தப் படத்தின் கீழே ஆயிரக்கணக்கானோர் சிரித்திருந்தார்கள். ஒருவர் மட்டும், "இவர் தப்பிக்க ஓடவில்லை, தடுக்க ஓடுகிறார்" என்று எழுதியிருந்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கோ இருந்துகொண்டு, முகம் தெரியாத ஒருவருடைய ஓட்டத்தைப் பார்த்தே அவர் மனதைப் படித்திருக்கிறார். அதன்பிறகு கருத்து எழுதும் வசதியை அந்தச் சேனல் நிறுத்திவிட்டது. படத்தை மட்டும் நிறுத்தவில்லை.

9. காவல் துறை இதுவரை வழக்குப் பதிந்திருப்பது ஆட்டோ ஓட்டிய சடகோபன் என்பவர் மீது மட்டுமே; அவரைச் சிறையிலும் அடைத்திருக்கிறார்கள். இவர் திருத்தணியில் ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம் ஆகியவற்றுக்கு விளம்பரம் சொல்லிப் பிழைப்பவர். வெள்ள ஒத்திகை என்று சொல்லி, பதிவு செய்த குரலைக் கொடுத்துச் சேனல்காரர்கள் இவரை அனுப்பியிருக்கிறார்கள். காரியம் முடிந்த மறுநாள் இவருடைய மனைவி தேவகி பஸ் பிடித்து எங்கள் ஊருக்கு வந்தார். வாசலில் நின்றவர் உள்ளே வர மறுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் சத்தம் போட்டார்கள். அவர் திரும்பிப் போகவில்லை.

"அக்கா, எங்க வூட்டுக்காரரு வண்டி ஓட்னாரு, அது நெசம். இல்லன்னு சொல்ல வரல. விசாரிக்காம போட்டது அவரு தப்புதான், அத எங்க வேணாலும் வந்து சொல்றேன்னு சொல்லச் சொன்னாரு. ஆனா எழுதினவங்க, பேசினவங்க, மேல இருந்து பாத்துகினு சிரிச்சவங்க, யாரும் உங்கள வந்து பாத்தாங்களா அக்கா?"

யாரும் வந்து பார்க்கவில்லை, ஐயா. தன் பங்கை ஒப்புக்கொண்டு என் வாசலுக்கு வந்தது அந்த ஒரு குடும்பம்தான். கணவரைச் சிறையில் விட்டுவிட்டு, செத்தவர் வீட்டு வாசலில் வந்து நிற்க ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நான் அவரைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் சென்றேன். இன்று இந்த மனுவைக் கொடுக்க என்னுடன் வந்திருப்பவரும் அவரே.

10. சேனல் தரப்பில் வழக்கறிஞர் மூலமாகக் கொடுத்த விளக்கம் எனக்குத் தெரிய வந்தது. பொதுமக்களை மேட்டுக்குப் போகத்தான் சொன்னார்களாம். ஏரிக்குப் போகச் சொல்லவில்லையாம். என் கணவர் அறிவிப்புக்கு மாறாகத் தன் விருப்பத்தில் போனாராம். இதைப் படித்துவிட்டுப் பல நாள் யோசித்தேன். ஏரி உடைந்தது என்று சொன்னது அவர்கள். உடைந்த ஏரிக்கு ஒரு விவசாயி என்ன செய்வார் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. மனிதர்கள் பயந்து ஓடுவார்கள் என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்தவருக்காக ஒருவர் ஓடுவார் என்பது அவர்கள் கணக்கில் இல்லை. அவர்களுடைய அந்தக் குறைக்கு என் கணவர் பொறுப்பாக முடியாது. அவர்கள் பொய்யை நம்பிப் பயந்தவர்கள் ஏமாந்தவர்கள் என்றால், அதே பொய்யை நம்பித் துணிந்தவர் மட்டும் எப்படித் தன்னிச்சையாகச் செத்தவர் ஆவார்?

11. மேலும், அவர் மதகை நோக்கிப் போவதை உலகத்தில் வேறு யார் பார்த்தார்களோ இல்லையோ, அவர்கள் பார்த்தார்கள். கேமரா அவர் தலைக்கு மேலேயே இருந்தது. ஒலிபெருக்கி அவர்கள் வசம் இருந்தது. "பொய்தான் சொன்னோம், திரும்பி வாங்க" என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பதிலாகப் பின்தொடரச் சொன்னார்கள். விளையாட்டு என்று தொடங்கியது அந்த இடத்தில் விளையாட்டாக இருக்கவில்லை என்பது என் பணிவான கருத்து.

12. ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்ய வேண்டுகிறேன். திட்டத்தை எழுதியவர், குரல் கொடுத்தவர், கேமராவை இயக்கியவர், வெளியிட்ட நிறுவனம், அவர் இறந்தபிறகும் ஒளிபரப்பிய தொலைக்காட்சி ஆகிய அனைவரையும் அழைத்து, அவரவர் பங்கு என்ன என்று தனித்தனியாக விசாரித்துக் காவல் துறைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். சடகோபன் செய்ததற்கு அவர் பதில் சொல்லட்டும். மற்றவர்களுடையதையும் சேர்த்து அவர் தலையில் வைக்க வேண்டாம். அந்தப் படத்தை இணையத்திலிருந்து நீக்க வேண்டும். நீக்குமுன், வெட்டப்படாத முழுப் பதிவையும் அழித்துவிடாதபடி உடனே கைப்பற்ற வேண்டும்.

13. கடைசியாக ஒன்று. விசாரணை அறிக்கையில் என் கணவர் "ஏரியில் தவறி விழுந்து" இறந்ததாக எழுதப்பட்டுள்ளது. கால் வழுக்கியது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதை மட்டும் படிப்பவர், வேடிக்கை பார்க்கப் போன யாரோ விழுந்துவிட்டார் என்றுதான் நினைப்பார். என் மகள் வளர்ந்து அந்தத் தாளைப் படிக்கும் நாள் வரும். நீச்சல் தெரியாத அந்த மனிதர், ஏரி உடைந்துவிட்டது என்று முழுமையாக நம்பி, எல்லோரும் விட்டு ஓடிய இடத்துக்கு, ஊர் பிழைக்க வேண்டும் என்று தெரிந்தே போனார் என்று ஒரு வரி அதில் சேர்த்து, கீழே தங்கள் கையெழுத்தும் அலுவலக முத்திரையும் இட்டுத்தர வேண்டுகிறேன்.

இடம்: திருத்தணி
நாள்: 06.01.2025

தங்கள் விசாரணையை நம்பியிருக்கும்,
இ. சுஜாதா

சாட்சிகள்:
முனியன், மருதேரிக்குப்பம்
ச. தேவகி, திருத்தணி