சேகர் போட்ட ஹாட் பிளக்

1998, தை 10, வெள்ளி

பெரியவன் மகன் டாக்டருக்குப் படிக்கிறான். சின்னவள் மகள் வீணையில் முதல் பரிசு வாங்கினாள். பேத்தி மாலா இன்ஜினீயரிங் முடித்து, ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் பந்தயக் கார் இன்ஜினையே பிரித்துப் பூட்டுகிறாள்.

அவளைப் பார்த்துத்தான் பொங்கலன்று ஓரகத்தி மகன் சேகர் எல்லார் எதிரிலும் சிரித்தான். டர்போ வைத்த அவன் ரேஸ் கார் இன்ஜின் ஏற்கெனவே கொதிக்கும், சூட்டைச் சட்டென்று வெளியே தள்ளுகிற கூல் ஸ்பார்க் பிளக்தான் அதற்குப் போட வேண்டும் என்று அவள் சொன்னதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

"ரேஸ் காருக்குக் கூல் பிளக்கா? ஹாட் பிளக் போட்டா சும்மா பறக்கும். நீ போய் ரசத்துக்குத் தாளிம்மா!"

ஓரகத்தியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாலா பாதி இலையில் எழுந்து போய்விட்டாள். சேகர் இலைக்கு மட்டும் நான் பாயசம் ஊற்றவில்லை.

இன்று அந்தக் காரைக் கயிறு கட்டி மாலாவின் பட்டறைக்கே இழுத்து வந்தானாம். அவன் போட்ட ஹாட் பிளக் சூட்டை வெளியே விடாமல் முனை உருகி, பிஸ்டனில் ஓட்டை.

"கொஞ்சம் பாத்துக் குடும்மா."

"என்ன சித்தப்பா, பறந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் காரில் கை வைத்தாளாம். என் பேத்தி!

எனக்கு இன்னும் ஆறவில்லை. உருகின பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் கார் முன்னால் நின்று மாலா ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். எனக்குச் சின்ன பிரதி போதும். ஓரகத்திக்குப் பெரிசாகப் போட்டு, தபாலில் அனுப்பச் சொல்ல வேண்டும்.