மாப்பிள்ளை கூட்டிப்போன மதுக்கடை

ஜூலை 12, ஞாயிறு

புனே பக்கம் சாகண் தாண்டி ஒரு கிராமத்துக்கு மாப்பிள்ளை இன்று என்னைக் காரில் கூட்டிப்போனார். வெள்ளைக்காரன் காலத்து மதுக்கடையைப் பழைய கல்சுவர், மர உத்தரத்தோடு புதுப்பித்திருக்கிறார்கள். எனக்கு எலுமிச்சை சோடா வாங்கித் தந்தார். கடையைப் புதுப்பித்த மராட்டிப் பெண் ஸ்நேஹலும் எங்களோடு வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, இவளைக் கட்டிக்கலாம்னு இருக்கேன். நீங்க சரின்னு சொன்னாத்தான்."

என் மகள் காவ்யா போய் மூன்று வருடம் ஆகிறது. "நல்லா இருங்க" என்றேன்.

காவ்யாவின் படம் கூடத்திலேயே இருக்கட்டும் என்று அந்தப் பெண் இந்தியில் சொன்னாள். என்னை மராட்டியில் அம்மா என்று கூப்பிட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவளிடம் ஒரு குறை தேடினேன். ஏதாவது கிடைத்திருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.