வாயை மூடும் வைத்தியம்

பங்குனி, செவ்வாய். அனல் காற்று.

முருகா, நீயே சொல்லு, "பேச்சு வைத்தியம்" என்றால் யார் பேச வேண்டும் என்று நான் நினைப்பேன்? தம்பி தங்கராசுக்குப் பந்தல்குடியில் பருத்தி லோடு மேலிருந்து விழுந்து தலையில் அடி. காயம் ஆறிவிட்டது. கோபமும் அழுகையும் ஆறவில்லை. தினம் சாயங்காலம் உட்கார்ந்து பேசணும் என்றார் மதுரை டாக்டரம்மா. பேசினேன். சஷ்டி விரதம், எதிர்வீட்டுக் கோழி, கத்தரிக்காய் விலை. தம்பி கையிலிருந்த செம்பு பறந்து வந்தது. மேலே படவில்லை. உன் புண்ணியம்.

தம்பி பெண்டாட்டிக்கு ஊர் பாலவனத்தம். வந்த நாளிலிருந்து வீட்டில் பாலவனத்தா என்றே கூப்பிடுவோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பக்கத்துல போனாலே 'போ, போ'ங்காக மதினி. நான் ஆகாதவளாப் போயிட்டேன். வெள்ளிக்கிழமை எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன்." பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கிவிட்டது. திரும்பி வருகிற போக்கு இல்லை இது.

புதன். மதுரை. பஸ்ஸில் வாந்தி (எனக்கு).

செம்பு கதையைக் கேட்டு டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு. "பேசவேண்டியது அவரும்மா. நீங்க கேக்கணும். குறுக்க பேசக்கூடாது." தலையில் அடிபட்டால் கோபமும் அழுகையும் தானாகப் பொங்குமாம். அடியில் ஏதோ பயம் கிடக்குமாம். அவன் வாயால்தான் வரணுமாம்.

திரும்பும்போது தம்பி: "அக்கா வாய மூடணும்னா அதுக்கு வேற ஆசுபத்திரியில்ல பாக்கணும்!"

அடிபட்ட பிறகு முதல் கிண்டல். உனக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

வியாழன். வெயில்.

வாய் நிறைய வெற்றிலை. துப்புவதில்லை என்று விரதம். அவன் முகட்டைப் பார்த்தபடி. கோழி வந்து நம்ம வத்தலைக் கொத்தியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். முருகா, காவடி எடுத்தபோதுகூட இந்தக் கஷ்டம் இல்லை.

கடைசியில் அவனே: "அக்கா, ஒன் பேரு தெரியுது. செத்துப்போன அம்மா பேரு குருவம்மா, தெரியுது. வித்த காளை பேருகூடத் தெரியுது. இவ பேரு மட்டும் வரமாட்டேங்குது. கட்டுனவ பேர மறந்தவன் மனுசனா? கேட்டுருவாளோன்னு பயந்துதான் வெரட்டுறேன். அவகிட்ட சொல்லிராத, ஒம் முருகன் மேல சத்தியம்." அழுதான்.

அட, இவ்வளவுதானா! ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்து வாயைத் திறந்தேன். பேர் வரவில்லை. எனக்கும்! எனக்குத் தலையில் அடிகூட இல்லை.

"ஒனக்குமா அக்கா?" என்றான். அழுதுகொண்டே சிரித்தான்.

வெள்ளி. மேகமூட்டம், மழை இல்லை.

பெட்டி வாசலில். பாலவனத்தா கொண்டை முடிந்துவிட்டாள். உன் மேல் சத்தியம் செய்துவிட்டேன், அவளிடம் சொல்லவும் முடியாது. எனக்குத் தெரிந்த பொம்பளைப் பேர் எல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று, எதற்கும் தம்பி தலை ஆடவில்லை. பஸ்ஸு இன்னும் வரவில்லை. அம்மா படத்துக்குப் பூ வைத்தேன். வைத்த கை அப்படியே நிற்கிறது. கல்யாணத்தன்று அம்மா சொன்னது இப்போதுதான் ஞாபகம் வருகிறது: "எம் பேரையில்ல வச்சுக்கிட்டு வந்திருக்கா! நாளைக்கு எம் பேரச் சொல்லியா அவள ஏசுவீக? ஊர்ப் பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

அவளும் குருவம்மாதான்.